பஸ் ஓட்ட ஒரு கிராஃபிக்ஸ் கார்டு

போன மாதம் மருந்து வாங்கச் செங்கல்பட்டு வந்தவள், கால் பழக்கத்தில் நான் வேலை பார்த்த நம் கம்ப்யூட்டர் கடைக்கும் வந்துவிட்டேன். நான் உட்கார்ந்த நாற்காலியில் உங்களில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "அக்கா, பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கிட்டு வந்து கம்மி விலையில கிராஃபிக்ஸ் கார்டு கேக்கிறாங்க. எதைக் குடுக்கிறது?" என்று கேட்டீர்கள். அப்போது கடையில் கூட்டம். ஏதோ ஒரு கார்டின் பேர் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான், சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லையே என்று பட்டது. கழுத்து வலியால் கம்ப்யூட்டர் பெட்டி முன் குனிய முடியாவிட்டாலும் எழுத முடிகிறது. அதனால் எழுதுகிறேன்.

பவர் சப்ளை தாங்குமா, பெட்டிக்குள் இடம் இருக்கிறதா, மானிட்டரின் பின்னால் எந்தச் சாக்கெட் இருக்கிறது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் போனைத் தட்டினால் சொல்லிவிடும். எங்கள் காலத்தில் போன் அவ்வளவு பேசாது. நாங்கள் பெட்டியைத் திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.

பெட்டியைத் திறந்ததும் அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்துவிடும். கடலோரத்துப் பெட்டிகளில் உப்புக் காற்று உள்ளே புகுந்து, பித்தளை முனைகளில் பச்சை பூத்திருக்கும். மாமல்லபுரத்தில் சிலை செதுக்குகிற பட்டறைக்குப் பக்கத்து வீடு என்றால், மின்விசிறி இறக்கைகளில் கல்தூள் மாவு மாதிரி படிந்திருக்கும். பொத்தேரி கல்லூரி ஹாஸ்டல் பெட்டிகளைத் திறந்தால் பிஸ்கட் தூளும் எறும்பும் இருக்கும். கேளம்பாக்கம் அடுக்குமாடி வீடுகளிலிருந்து வருபவை மட்டும் வாங்கிய அட்டைப்பெட்டியிலேயே, தெர்மோகோலோடு வரும். அந்த வாசனைகள் இன்னும் என் மூக்கில் இருக்கின்றன. பிரஷ்ஷை எடுத்து ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே, ஜன்னல் வழியாகத் தெரியும் கொளவாய் ஏரியில் தண்ணீர் ஏறியிருக்கிறதா என்று பார்த்த காலை நேரங்கள் என் வாழ்க்கையின் நல்ல பொழுதுகள்.

தணிகாசலம் அப்படி ஒரு காலையில்தான் வந்தார்.

கொரோனா அடங்கிக் கடைகள் முழு நேரமும் திறந்திருந்த சமயம் அது. கிராஃபிக்ஸ் கார்டு என்றால் அப்போது குதிரைக் கொம்பு. மொத்த வியாபாரியிடம் கேட்டால் சிரிப்பார். வந்த ஒன்றிரண்டும் விலையைக் கேட்டதும் ஆளை ஓட வைக்கும். சின்ன கார்டு தேடி வருகிறவர்களுக்குக் காத்திருப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

காக்கி பேண்ட்டும் வெள்ளைச் சட்டையும் போட்ட உயரமான மனிதர். போர்வையில் சுற்றிய பெட்டியை இடுப்பில் முட்டுக்கொடுத்தபடி கவுன்டர் முன் நின்றார்.

"இன்னாம்மா, இங்க கிராபிக்ஸ் கார்டு போடுவீங்களா?"

"போடுவோம்ணா. முதல்ல பெட்டியக் கீழ வைங்க."

"இருக்கிறதுலயே பெரிசு எதுவோ அத்த போட்டுடு. ரெண்டு பேன் வெச்சது. இந்தா, போன்ல படம் கீது பாரு."

"அது இருக்கட்டும். உங்க கம்ப்யூட்டர் இப்ப என்ன பண்ணுது?"

"இழுக்க மாட்டேங்குது. காலி ரோட்டுல போவும். ஆளு, கட, மரம்னு வந்துச்சுன்னா வெட்டி வெட்டி நிக்குது. திருப்பத்துல நான் திருப்பி முடிச்சப்புறம் தான் அது திரும்பவே ஆரம்பிக்குது. அதுக்குள்ள வண்டி பள்ளத்துல கீது."

"என்ன கேம்ணா?"

அவர் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். "பஸ்சு. பஸ் ஓட்டுற கேமு."

பேச்சுக் கொடுத்தபோதுதான் அவர் பஸ் டிரைவர் என்று தெரிந்தது. மாமல்லபுரத்திலிருந்து சென்னைக்கு ஈசிஆர் என்கிற கடற்கரைச் சாலையில் போய் வரும் பஸ்ஸைப் பல வருடம் ஓட்டியவர். வீடு பூஞ்சேரி பக்கம். ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் மகள், தன் ஆபீஸில் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டரை வாங்கி வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, கல்யாணமாகி பெங்களூரு போய்விட்டாள்.

பெட்டியைத் திறந்தேன். எதிர்பார்த்தபடியே பச்சை பூத்திருந்தது. ஆபீஸ் மேஜைக்குச் செய்த ஒல்லிப் பெட்டி, சின்ன பவர் சப்ளை, ஒரே ஒரு மெமரி. அவர் படத்தில் காட்டிய கார்டை உள்ளே வைக்க வேண்டுமென்றால் பெட்டியை அறுக்க வேண்டும். அறுத்து வைத்தாலும் அதற்குத் தனியாகக் கரன்ட் கொடுக்க உள்ளே வயர் கிடையாது.

"அண்ணா, இது மினி பஸ் பாடி. நீங்க காட்டுறது பெரிய ஏசி பஸ் இன்ஜின். உள்ள உக்காரவும் உக்காராது, டீசலும் பத்தாது."

அவர் முதல் முறையாகச் சிரித்தார். "இப்டி சொல்லு, புரியுது. அப்ப இன்னா பண்லாம்?"

"இதே பெட்டிக்கு அடக்கமா, பாதி உயரத்துல ஒரு கார்டு வரும். தனி வயர் கேக்காது. கூட இன்னொரு மெமரி போட்டுடலாம். உங்க மானிட்டர் பழசு, அதுக்கு ஒரு கன்வெர்ட்டர். அவ்வளவுதான்."

"கண்ணாடி மாறி தெரியுமா?"

"தெரியாது. மரத்துல இலை கம்மியாத்தான் இருக்கும். ஆனா நீங்க திருப்புறப்போ வண்டி திரும்பும்."

"அது போதும்மா. எலைய வெச்சி நான் இன்னா பண்ணப் போறேன்."

பெட்டியைச் சுத்தம் செய்ய எங்களிடமே விட்டுவிட்டு, கார்டு வந்ததும் போன் பண்ணச் சொல்லிவிட்டுப் போனார். இதுவரை எல்லாம் நாம் அன்றாடம் செய்கிற வேலைதான். ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன். வருகிறவர் சொல்லும் கார்டின் பெயரைக் கேட்பதற்கு முன், கம்ப்யூட்டர் என்ன பண்ணுகிறது என்று அவரவர் பாஷையில் சொல்ல விடுங்கள். 'திருப்பி முடிச்சப்புறம் திரும்புது' என்ற வார்த்தையைத் தாண்டி எனக்கு வேறு தகவல் தேவைப்படவில்லை.

கார்டு வர நாளானது. ஒருநாள் காலை பார்சலில் வந்து, பிரித்து மேஜைமேல் வைத்திருக்கிறேன். அப்போது ஒரு பெண் உள்ளே வந்தார். ஓட்டலில் வேலை செய்கிறவர்கள் கட்டும் சீருடைப் புடவை. வேலையிலிருந்து பாதியில் கேட்டுக்கொண்டு வந்த அவசரம் முகத்தில் இருந்தது.

"பூஞ்சேரியாண்ட இருந்து ஒருத்தரு கம்ப்யூட்டர் பொட்டி குட்த்தாரே, நீ தான் பாக்குறியா யக்கா?"

"ஆமா. நீங்க?"

"அவரு வூட்டுக்காரி, செல்வி. அத்த சரி பண்ணாத."

நான் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தேன். செல்வி இன்னும் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அவருக்கு வலிப்பு வர்து யக்கா. டிப்போல வுழுந்துட்டாரு. நல்ல வேள, வண்டி எடுக்கல. எடுத்தப்புறம் வந்திருந்தா? வண்டி நெறிய ஜனம். டாக்டரு இனிமே எந்த வண்டியும் ஓட்டக் கூடாதுன்ட்டாரு. டிப்போல ஒரு சேர் போட்டு உக்கார வெச்சிட்டாங்க. வூட்டுக்கு வந்தா ஒரு வார்த்த பேச மாட்டாரு. இப்ப இந்த கேமு ஒண்ணு கத்துகினாரு. பொட்டி இங்க வர்ற வரிக்கும், சாயங்காலம் உக்காந்தா கண்ணு கொட்டாம பாத்துகினு இருப்பாரு. படம் பளிச்சு பளிச்சுனு வெட்டும். எனக்கு பயமா கீது யக்கா. அந்த மாறி வெளிச்சம் பட்டா வலிப்பு வரும்னு டிவில சொன்னான். ஒயர அரிசி ட்ரம்முல ஒளிச்சு வெச்சேன், கண்டுபுடிச்சிட்டாரு."

"நான் என்னம்மா பண்ணணும்?"

"ரிப்பேருன்னு சொல்லிடு. இனிமே ஓடவே ஓடாதுன்னு சொல்லிடு. நீ சொன்னா நம்புவாரு. உன்ன பத்தி பெருமயா சொன்னாரு, புரியிற மாறி பேசுதும்மான்னு."

அந்த நேரம் பார்த்து முதலாளி தன் மேஜையிலிருந்து போனைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டார். "வசந்தாம்மா, அந்தச் சின்ன கார்டு வந்துடுச்சா? பொத்தேரியிலேர்ந்து கேக்கிறாங்க. இப்பவே வந்து எடுத்துக்கிறாங்களாம்."

எனக்கு வேலை எவ்வளவு சுலபமாகிவிட்டது பாருங்கள். பொத்தேரிக்குக் கார்டைக் கொடுத்துவிட்டு, தணிகாசலத்திடம் 'ஸ்டாக் இல்லண்ணா' என்றால் முடிந்தது. செல்விக்கு நிம்மதி, முதலாளிக்கு வியாபாரம். தணிகாசலம்கூட என்னைக் குறை சொல்ல மாட்டார். அப்போது எல்லாக் கடையிலும் அதே பதில்தான்.

ஆனால் அவர் சும்மா இருந்துவிடுவாரா? வேறொரு கடைக்குப் போவார். அங்கே யாராவது அந்தப் பெரிய கார்டை வாங்க வைத்து, ஒட்டு வயர் போட்டு எப்படியோ மாட்டிக் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் என் பேச்சை நம்பிக்கொண்டு வீட்டு மூலையில் உட்கார்ந்திருப்பார். எது மோசம் என்று எனக்குத் தெரியவில்லை. செல்வியின் பயத்தையும் தள்ளிவிட முடியவில்லை. வெளிச்சம் விட்டு விட்டு அடித்தால் சிலருக்கு வலிப்பு வரும் என்று கேம் பெட்டிகளிலேயே எச்சரிக்கை போட்டிருப்பார்கள். இவர் அந்தச் சிலரில் ஒருவரா? அதைச் சொல்ல நான் யார், செல்வி யார்?

"நான் பொய் சொல்ல மாட்டேன்மா," என்றேன். "ஆனா உங்களுக்குத் தெரியாம இந்தக் கார்டை மாட்டவும் மாட்டேன். அவருக்குப் பாக்கிற டாக்டர்கிட்ட ரெண்டு பேருமாப் போங்க. இந்த விளையாட்டு ஆடலாமான்னு நேராக் கேளுங்க. அவர் வேணாம்னா, நானே உங்க வீட்டுக்காரர்கிட்ட வேணாம்னு சொல்றேன்."

"அவரு வர மாட்டாரு."

"நான் பேசிப் பாக்கிறேன்."

செல்வி என்னை ஒரு பார்வை பார்த்தார். "உனுக்கு வியாபாரம் ஆவணும். அதான்," என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று படியிறங்கிப் போய்விட்டார். எனக்குச் சுருக்கென்றது. வியாபாரம் ஆக வேண்டுமென்றால் அதற்குள் பொத்தேரிக்குப் பார்சல் கட்டியிருப்பேன்.

முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன். "நாம விக்கிறது கார்டு. வாங்குறவங்க வீட்டுல என்ன நடக்குதுன்னு விசாரிச்சுக்கிட்டிருந்தா கடை நடத்த முடியுமா?" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. நம் தொழிலில் ஒவ்வொரு வீட்டுக் கதையையும் சுமக்க முடியாது. ஆனால் கதை தெரிந்தபிறகு தெரியாத மாதிரி இருக்கவும் எனக்கு வரவில்லை. "கொஞ்ச நாள் என் பொறுப்புல இருக்கட்டும் சார்," என்றேன். அவர் போனை எடுத்து, பொத்தேரிக்காரரிடம், "இல்லீங்க, அது வேற ஒருத்தருக்கு வந்தது," என்று சொல்லிவிட்டு பேப்பரைப் பிரித்துக்கொண்டார். அந்தக் கடையில் அத்தனை வருடம் நான் இருந்ததற்கு அவர் இப்படி நடந்துகொண்ட சில தருணங்கள்தான் காரணம்.

தணிகாசலத்துக்கு போன் செய்தேன். மறுநாளே வந்தார். கார்டைப் பார்க்கும் ஆசையில் வந்த முகம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன்.

"அண்ணா, உங்க வீட்டுல வந்திருந்தாங்க. உடம்பு விஷயத்தைச் சொன்னாங்க."

முகம் அப்படியே சுண்டிவிட்டது. "அவ இங்க வந்தாளா? கட வரிக்கும் வந்து என் மானத்த வாங்கிட்டாளா?"

"மானம் போற மாதிரி ஒண்ணும் சொல்லல. பயமா இருக்குன்னு சொன்னாங்க."

"எனுக்கு பயம் இல்லியா?"

குரல் உயர்ந்துவிட்டது. கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அதைக் கவனிக்கவில்லை.

"வுழுந்தது எனுக்குத் தெரியாதும்மா. கண்ணு தொறந்து பாத்தா எல்லாரும் குனிஞ்சி என் மூஞ்சிய பாத்துகினு கீறானுங்க. அன்னிலேர்ந்து எவனும் என் கைல ஒரு சாவி குடுக்கிறதில்ல. வூட்டு மோட்டார் சைக்கிள் சாவி எங்க கீதுன்னு எனுக்குத் தெரியாது. இந்த வண்டில நான் வுழுந்தாலும் எவனுக்கும் ஒண்ணும் ஆவாது. இத்த ஓட்டறதுக்கும் ஊரக் கேக்கணுமா?"

அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. முந்தின நாள் செல்வி சொன்னதும் நியாயமாகத்தான் இருந்தது. இரண்டு நியாயத்துக்கும் நடுவில் நான், கையில் ஒரு சின்ன கார்டு.

"ஊரைக் கேக்க வேணாம்ணா," என்றேன். "டாக்டரைக் கேளுங்க. அவர் ஓட்டாதீங்கன்னு சொன்னப்போ, ஜனங்களுக்காக அதைக் கேட்டீங்க. அதே மனுஷன் இதை ஓட்டலாம்னு சொன்னா, அப்புறம் யாரும் உங்க வயரை ஒளிக்க முடியாதே."

அவர் கார்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு மிகவும் மெல்லக் கேட்டார். "வேணாம்னுட்டா?"

அவர் ஏன் டாக்டரிடம் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கேட்டால் இதுவும் போய்விடுமோ என்ற பயம். கேட்காத வரைக்கும் அவரிடம் ஒரு பஸ் இருந்தது.

நான் பதில் சொல்வதற்குள் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். மூடியின் திருகுகளை முடுக்கக்கூட விடவில்லை. போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி, வண்டிகளுக்கு நடுவே ரோட்டைக் கடந்து பஸ் நிற்கும் பக்கம் நடந்தார்.

இந்தத் தொழிலில் கஷ்டமான பகுதி இதற்குப் பிறகு வருவதுதான். நாம் சரியென்று நினைத்ததைச் சொல்லியாகிவிட்டது, ஆள் போய்விட்டார், இனி நம் கையில் ஒன்றுமில்லை. கார்டு என் மேஜை டிராயரில் கிடந்தது. பொத்தேரியிலிருந்து மறுபடியும் போன் வந்தது. முதலாளி டிராயரைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், மறுபடி பேப்பரைப் பிரித்துக்கொள்வார். வேறு கடைக்குத்தான் போயிருப்பார் என்று நான் ஏறக்குறைய முடிவு கட்டியிருந்தேன்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்பு இருவரும் வந்தார்கள். பெட்டியின் ஒரு பக்கம் அவர் கை, மறுபக்கம் செல்வியின் கை. படியேறும்போதே செல்வி பேச ஆரம்பித்துவிட்டார்.

"போய் கேட்டோம் யக்கா. உக்கார வெச்சி எல்லாத்தையும் விசாரிச்சாரு. தலைல ஒயரு ஒட்டி டெஸ்ட் எடுத்தாங்களே, அப்பவே கண்ணுக்கு நேரா லைட்ட வுட்டு வுட்டு அடிச்சி பாத்துட்டாங்களாம். அதுல இவருக்கு ஒண்ணும் வர்லியாம். தூக்கம் கெட்டா தான் வருமாம். மாத்திரய வுட்டா தான் வருமாம்." அதைச் சொல்லிவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினார். "மாத்திரய வுட்டுகினு இருந்துகீறாரு யக்கா! அங்க போயி தான் தெரிஞ்சுது. டாக்டரு கேக்க கேக்க பேந்த பேந்த முழிக்கிறாரு."

"தூக்கமா வர்துன்னு..." என்று ஆரம்பித்த தணிகாசலம் பாதியில் நிறுத்திக்கொண்டு தன் செருப்பைப் பார்த்தார்.

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கார்டைப் பற்றிக் கேட்கப் போன இடத்தில் மாத்திரை விஷயம் வெளியே வந்திருக்கிறது. அன்று நான் 'ரிப்பேர்' என்று சொல்லியிருந்தால் அந்த டாக்டர் அறைக்கு இருவரும் போயிருக்கவே மாட்டார்கள். இதை என் கெட்டிக்காரத்தனம் என்று சொல்ல வரவில்லை. மாத்திரை விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. தெரியாததைத் தெரிந்தவரிடம் அனுப்பினேன், அவ்வளவுதான். ஆனால் கவுன்டரில் நிற்கிற நமக்கு அது ஒன்றுதான் பல நேரம் கைகொடுக்கிறது.

"விளையாடலாம்னு சொன்னாரா?" என்று கேட்டேன்.

"பகல்ல, வெளிச்சத்துல, நடுவுல எய்ந்து எய்ந்து. தல சுத்துனா உடனே நிறுத்தணும். தூக்கம் இல்லாத அன்னிக்கு தொடவே கூடாது," என்று செல்வி விரல் மடக்கினார். "படம் வெட்டாம போனா நல்லதுன்னாரு. அதுக்கு எது தோதோ அத்த போடு யக்கா. இவரு சொல்றத கேக்காத, நான் சொல்றேன்."

டிராயரைத் திறந்தேன். கார்டின் பின்பக்கத் தகட்டைக் கழற்றி, ஒல்லிப் பெட்டிக்கான குட்டைத் தகட்டை மாட்டினேன். மெமரியைச் செருகினேன். கேமில் மழையையும் மின்னலையும் இரவு ஓட்டத்தையும் அணைத்து வைத்தேன். படம் ஒரு நேரம் வேகமாகவும் ஒரு நேரம் திணறியும் ஓடாமல், எப்போதும் ஒரே சீராகப் போகிற மாதிரி வேகத்துக்கு ஒரு வரம்பு போட்டேன். மரத்தில் இலைகள் குறைந்தன. ரோடு தெளிந்தது.

"ஓட்டிப் பாருங்கண்ணா."

தணிகாசலம் கவுன்டருக்கு உள்ளே வந்து உட்கார்ந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டார். பக்கத்து ஸ்டூலில் செல்வி, எப்போது வேண்டுமானாலும் பிளக்கைப் பிடுங்கத் தயாராக, திரையைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி கிளம்பியது. கிளம்புவதற்கு முன் அவர் இரண்டு பக்கக் கண்ணாடியையும் பார்த்ததை நான் கவனித்தேன். திருப்பம் வந்தது. அவர் திருப்பினார், வண்டி திரும்பியது. அவருடைய தோள்கள் இறங்குவது எனக்குத் தெரிந்தது. செல்விக்கும் தெரிந்திருக்க வேண்டும். மெதுவாகத் திரை பக்கம் திரும்பினார்.

ஆளில்லாத ஒரு நிறுத்தத்தில் வண்டி நின்றது.

"யாருமே இல்லியே, ஏன் நிக்கிற?"

"ஸ்டாப்பிங்கு."

மறுபடி கிளம்பியது. திரையில் ஒரு மாடு குறுக்கே வந்தது. அவர் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, ஹாரனை ஒரு தட்டு தட்டி, அது போகும் வரை காத்திருந்தார். செல்வி கவுன்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நெசமா ஓட்டும்போதும் இப்டி தான் ஓட்டுவியா?"

"பின்ன?"

"நான் உன் வண்டில ஏறுனா கூட்டத்துல எங்கியாச்சும் நசுங்கிகினு வருவேன். முன்னாடி இன்னா நடக்குதுன்னு ஒரு நாளும் பாத்ததில்ல."

அவர் அடுத்த நிறுத்தத்தில் வண்டியை இன்னும் கொஞ்சம் பதமாக நிறுத்தினார் என்று எனக்குப் பட்டது. அதற்குள் கடைக்கு வந்தவர்கள் கவுன்டரைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். முதலாளிகூட எழுந்து வந்து பின்னால் நின்றார். கூட்டத்தில் ஒரு குரல், "டிரைவர் அண்ணாத்த, கேளம்பாக்கம் போவுமா?" என்றது.

"போவாது. இது ஈசிஆர் வண்டி," என்றார் தணிகாசலம், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அன்று அந்தச் சின்னக் கடையில் எழுந்த சிரிப்பை நினைத்தால் இப்போதும் மனசு லேசாகிறது.

அதன் பிறகும் அவர்களிடமிருந்து அவ்வப்போது போன் வரும். ஒருமுறை அவருக்கு மறுபடி வலிப்பு வந்தது. சொந்தக்காரர் கல்யாணத்தில் ராத்திரியெல்லாம் விழித்திருந்துவிட்டு வந்த மறுநாள். செல்விதான் போன் செய்து சொன்னார். "கம்ப்யூட்டராண்ட இல்ல யக்கா, கல்யாண வூட்ல," என்று அதையும் சேர்த்துச் சொன்னார். நான் எதை நினைத்துப் பயப்படுவேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. பிறகு ஒருநாள், கீபோர்டில் எழுத்துகள் தேய்ந்துவிட்டன, புதிதாக வேண்டும் என்று தணிகாசலம் வந்தார். "ரொம்ப ஓட்டுறீங்களாண்ணா?" என்று சற்றுக் கண்டிப்பாகவே கேட்டேன்.

"நான் எங்க ஓட்டறேன்? நான் எய்ந்து ரெஸ்ட் எடுக்கிற நேரத்துல அவ உக்காந்துடுறா. எய்ந்திரின்னா எய்ந்திருக்க மாட்டேங்குறா. ஒரே பேஜாரு." அலுத்துக்கொள்கிற மாதிரி சொன்னார், ஆனால் முகம் அப்படி இல்லை. "சிக்னல் போடாம திருப்புறா. கண்ணாடி பாக்க மாட்டா. சொல்லிச் சொல்லி இப்ப தான் லைனுக்கு வந்துகீறா."

நீங்கள் நாளைக்கு விற்கப்போகும் கார்டுகள் இதைவிட நூறு மடங்கு வேகமாக இருக்கும். அதையும் யாரோ ஒருவர்தான் வீட்டுக்கு எடுத்துப்போவார், அவர் வீட்டிலும் இன்னொருவர் அதைப் பார்த்து பயந்துகொண்டோ ஆசைப்பட்டுக்கொண்டோ இருப்பார். அந்த இன்னொருவர் கடைப் படியேறி வந்தால், ஒரு ஸ்டூலை இழுத்துப் போடுங்கள். இவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. மற்றதெல்லாம் அவர்களைப் பற்றி எழுதும் ஆசையில் எழுதியது.

கடைசியாக அவர்களை நான் பார்த்தது, வேலையை விட்டு நிற்பதற்குக் கொஞ்ச நாள் முன்பு. வெயில் ஏறிய நேரம், கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு புது ஸ்கூட்டர், இரண்டு கால்களையும் தரையில் தேய்த்துக்கொண்டே வந்து, நடைபாதை ஓரமாக நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றினால், ஓட்டிக்கொண்டு வந்தது செல்வி. முகமெல்லாம் வியர்வை, வாயெல்லாம் சிரிப்பு.

"லைசன்ஸ் எடுத்துட்டேன் யக்கா! திருக்கழுக்குன்றம் வழியா, வூட்லேர்ந்து நானே ஓட்டிகினு வந்துட்டேன். இனிமே ஆஸ்பத்திரிக்கு பஸ்சுக்காக நிக்க வேணாம்."

"இன்ஜின ஆஃப் பண்ணு மொதல்ல," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"வாய மூடிகினு எறங்குய்யா."

தணிகாசலம் உடனே இறங்கவில்லை. ஸ்கூட்டரின் பின் சீட்டில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அவருடைய வலது கால், அங்கே இல்லாத ஒரு பிரேக்கை இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது. செல்வி சாவியைத் திருப்பி, ஸ்டாண்டு போட்டு, வண்டி அசையாமல் நின்ற பிறகுதான் காலை எடுத்தார்.